உச்சியில் எடுக்காத கல்

செப்டம்பர் 9, செவ்வாய். சிங்கப்பெருமாள் கோவில்.

வெயில். மழைக்கு முந்தைய புழுக்கம். லாட்ஜ் அறை எண் ஆறு. மின்விசிறிக்கு ஒரே வேகம், அதையும் வேகம் என்று சொல்ல முடியாது. சட்டை இரண்டு, பேன்ட் ஒன்று அலசிக் காயப்போட்டேன். வண்டியையும் கழுவினேன்.

இந்த நோட்டைப் படிக்க யாரும் இல்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. ஆகவே, முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் இமயமலையை வரைந்து வரைந்து அழித்த ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியனாகிய நான், வலது கையை நெஞ்சில் வைத்து (இடது கையில் டீ) உறுதி கூறுகிறேன்: இனி வருவது ஒரு ஜீவனும் நம்பப்போகாத கதை.

வீரச் செயல்கள், சுருக்கமாக:

– தாம்பரம் இரும்புலியூரிலிருந்து லடாக். அங்கிருந்து திரும்ப. மோட்டார் சைக்கிளில். தனியாக. அறுபத்தொரு வயதில். முப்பத்தெட்டு நாள். மீட்டரில் ஆறாயிரத்து எண்ணூறு கி.மீ., என் வாயில் பத்தாயிரம்.

– ஜான்சி தாண்டி ஓர் எருமை மந்தை. ஹாரன் அடிக்காமலே எனக்கு வழிவிட்டு, சாலை ஓரமாக வரிசையாக நின்றது. குடியரசு தின அணிவகுப்பு போல.

– மலைமேல் கூடாரத்தில் குளிர் எப்படி என்றால், நான் விட்ட கொட்டாவி உறைந்து கீழே விழுந்து உடைந்தது. காலையில் பெருக்கித் தள்ளினார்கள்.

– கர்துங் லா கணவாயின் உச்சியில் ராணுவக் கர்னல் ஒருவர் எனக்கு சல்யூட் அடித்து, தன் தொப்பியைக் கழற்றி என் வண்டியின் ஹெட்லைட்டுக்கு மாட்டிவிட்டார்.

கடைசியில் இருப்பது பொய். மற்றவையும் பொய் என்றே வைத்துக்கொள்வோம், அவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைசிப் பொய் அப்படி இல்லை.

நான் உச்சிக்குப் போகவில்லை.

எழுதிவிட்டேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

மதியம் ஒரகடம் கூட்டுரோடு. நேராகப் போனால் படப்பை, முடிச்சூர், வீடு. முக்கால் மணி நேரம். ஆறாயிரத்து எண்ணூறு கி.மீ. தயங்காத கை அங்கே இண்டிகேட்டரை வலது பக்கம் தள்ளியது. வலது பக்கம் போனால் சிங்கப்பெருமாள் கோவில். இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. குன்றைக் குடைந்த குகையில் நரசிம்மர் இருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற ஆள். அவருக்கும் எனக்கும் வழக்கு ஏதும் கிடையாது.

வீட்டில் கட்டிலில் தேவராஜ். என் தங்கை எஸ்தரின் புருஷன், என் மச்சான். மாடியில் நான், கீழே அவர்கள். வண்டலூருக்குப் பின்னால் கல்குவாரியில் இருபத்தெட்டு வருடம் கிரஷர் ஓட்டினான். பாறையைத் தின்று ஜல்லியாகத் துப்பும் இயந்திரம். ஜல்லி ஊருக்குப் போனது, தூள் அவன் நுரையீரலுக்குப் போனது. இரண்டு வருடமாக மூக்கில் குழாய், தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின். நாலு வார்த்தை, ஒரு நிறுத்தம். நாலு வார்த்தை, ஒரு நிறுத்தம்.

ஜூலையில் ஒருநாள் நான் வழக்கம்போல மலைகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“அங்க மேல... காத்து கம்மி தான? எல்லாருக்கும் மூச்சு வாங்கும்ல... என்னாட்டம்?”

“வாங்கும். பட்டாளத்துக்காரனுக்கே வாங்கும்.”

“போய்ப் பாத்துட்டு வா மச்சான். எப்டி கீதுன்னு... வந்து சொல்லு. உச்சிலேர்ந்து ஒரு கல்லு... எடுத்துனு வா. நான் ஒடைக்காத கல்லு.”

இதற்காகத்தான் போனேன். ஊரில் சொன்ன மற்ற காரணங்கள் எல்லாம் அலங்காரம்.

மாலை எஸ்தர் போன்.

“எங்கண்ணா இருக்க?”

“சித்தூர். கிளட்ச் கேபிள் அறுந்துபோச்சு. ரெண்டு நாள் ஆகும் போல.”

“மெதுவா வா. ஒண்ணும் அவசரம் இல்ல.” கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, “அவர் எங்கூட பேசறதே இல்லண்ணா. ஏதாவது கேட்டா கைய ஆட்டறார். மொறைக்கறார். உன் போன்னா மட்டும் காதுகிட்ட வெச்சுக்கறார். நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திக்கலாம்.”

“ஒடம்பு முடியாத எரிச்சல்மா.”

பெரிய கண்டுபிடிப்பு. இதைச் சொல்ல ஓர் அண்ணன்.

சித்தூர் என்று சொன்னபோது ஜன்னலுக்கு வெளியே தாம்பரம் போகிற மின்சார ரயில் ஹாரன் அடித்தது. அவளுக்குக் கேட்டிருக்கும்.

செப்டம்பர் 10, புதன்.

மேகமூட்டம். பூரி இரண்டு, கிழங்கு இல்லை, சாம்பார். பல்லில் கூச்சம்.

ஒரகடம் ரோட்டில் சாதிக் பாய் ஒர்க் ஷாப். ஐம்பது வயது இருக்கும். காதைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். ஒரு சுற்று ஓட்டி வந்தார்.

“இன்னா சார் ப்ராப்ளம்?”

“அது நீங்கதான் சொல்லணும்.”

“வண்டி சூப்பரா கீது. செயின்தான் லூசு. அஞ்சு நிமிசம்.”

“மூணு நாள் ஆகற மாதிரி ஏதாவது இருக்கா பாருங்க பாய்.”

துணியில் கையைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். “எல்லாரும் சீக்கிரம் குடுன்னு பேஜார் பண்ணுவாங்க. நீ இன்னா சார், லேட்டா குடுன்றே. வூட்ல சண்டையா?”

லடாக் என்றேன். கர்னல், தொப்பி, கொட்டாவி, எருமை எல்லாம் சொன்னேன். அவர் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

“லடாக்கா? மண்ணே காணோமே சார்.”

“நேத்துதான் கழுவினேன்.”

“கொட்டாவிகூட ஒத்துக்கலாம் சார். எருமை வழி வுட்டுச்சுன்றே பாரு.”

முப்பத்தெட்டு நாள் ஓட்டியதன் பலன் இது. போனதையே நம்பவில்லை, போகாததை எப்படி நம்பவைப்பது.

அவருக்குச் சொல்லாதது, இங்கே வரிசையாக:

உச்சிக்குப் பதினொரு கி.மீ. முன்னால் திரும்பினேன். அடிவார ஊரான லே வந்து படுத்து, மறுநாள் ஆற்றோரம் ஒரு கல் எடுத்தேன். உள்ளங்கை அளவு, பச்சை கலந்த சாம்பல், நடுவே வெள்ளைக் கோடு. உச்சிக் கல் என்று அதைக் கொடுத்துவிட உத்தேசம். பாதிப் பொய். கல்லாவது லடாக் கல்.

நாக்பூருக்குக் கீழே ஒரு தாபா. மழை, சகதி. சைட் ஸ்டாண்ட் மண்ணில் புதைந்து வண்டி சாய்ந்தது. பையில் கைவிட்டேன், தட்டையாக ஒரு கல் கிடைத்தது. ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். மோட்டார் சைக்கிள்காரன் எவனும் செய்வது. ரொட்டி, பருப்பு சாப்பிட்டேன். ஸ்டாண்டைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன். அதையும் எவனும் செய்வான்.

நிர்மல் என்ற ஊரில் துண்டு எடுக்கப் பையைத் திறந்தபோது லடாக் கல்லைக் காணோம். முந்நூறு கி.மீ. திரும்பிப் போனேன். அதே தாபா. நான் வண்டி நிறுத்திய இடத்தில் பதினாறு சக்கர லாரி. அது நகரும்வரை காத்திருந்து, முழங்கைவரை சகதியில் விட்டுத் துழாவினேன். தாபாக்காரர் மோதிரமா என்று சைகையில் கேட்டார். கல் என்று எப்படிச் சொல்வது. மோதிரம்தான் என்று தலையாட்டினேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடினார், பாவம்.

இல்லை.

மதியம்: தூக்கம் வரவில்லை. லாட்ஜ் பின்புறம் கிடந்த ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சாதிக் பாயிடம் போனேன். மச்சான் யார், எதற்குக் கல் என்று பாதிக் கதை சொன்னேன்.

“இது லடாக் கல்லு மாதிரி இருக்கா பாய்?”

வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “வண்டலூர் கல்லு. கருநீலம். எங்க மாமா குவாரி லாரி ஓட்டினாரு. இந்த ஏரியால நீ குனிஞ்சு எதை எடுத்தாலும் உன் மச்சான் ஒடச்சதுதான் சார்.”

உண்மை. கூடுவாஞ்சேரி முதல் குரோம்பேட்டைவரை ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அடியில் கிடப்பது, தண்டவாளத்துக்கு அடியில் கிடப்பது, என் மாடி அறையின் காங்கிரீட்டில் கிடப்பது, எல்லாம் அவன் மெஷின் துப்பியது. ஒரு மனிதன் ஊர் முழுவதையும் தொட்டுவிட்டு மூச்சு இல்லாமல் படுத்திருக்கிறான். நான் அவனுக்காக அவன் தொடாத கல் ஒன்றை அவன் ஊரிலேயே தேடுகிறேன்.

முப்பத்தொரு வருடம் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மனப்பாடம் செய்யவைத்தேன். ஒரு கல்லையும் எனக்கு அடையாளம் தெரியாது.

செப்டம்பர் 11, வியாழன்.

காலையில் தூறல், பத்து மணிக்கு நின்றது. பேஸ்ட் தீர்ந்தது.

பார்வையிட்ட கற்கள்:

ரயில் பாதைக் கல். (அவனுடையது.)
கிரானைட் கடை உடைசல். ஒரு பக்கம் கண்ணாடி போல பாலிஷ். உச்சியில் பாலிஷ் போட்டது யார் என்று கேட்பான்.
கோவில் குன்று. குனிந்தேன், நிமிர்ந்தேன். அந்தளவுக்கு இன்னும் கெட்டுப்போகவில்லை.
டைல்ஸ். இதைக் கல் என்று நினைத்த அளவுக்கு வந்துவிட்டேன்.

சாதிக் பாயின் யோசனை: மீன் தொட்டிக் கடை. “அங்க விக்கற கூழாங்கல்லு எங்கேர்ந்தோ வருது சார். நம்மூர் கல்லு கெடயாது.”

வண்டி பாயிடமே இருக்கிறது, ரயிலில் கூடுவாஞ்சேரி. கடைக்காரம்மா மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார்.

“தொட்டி எத்தன அடி சார்?”

“தொட்டி இல்லீங்க. கல் மட்டும்.”

“மீன்?”

“மீனும் இல்லை.”

“மீனும் இல்ல, தொட்டியும் இல்ல, கல்லு எதுக்கு சார்?”

“ஒரே ஒரு கல். ரொம்ப உயரமான இடத்துலேர்ந்து வந்த மாதிரி இருக்கணும்.”

அவர் மேலே அலமாரியைக் காட்டினார். “அதான் இருக்கறதுல உயரம்.” மூட்டையை இறக்கினார். நான் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பொறுக்கினேன். வெள்ளை, மேலே ஒரு சாம்பல் கோடு, முட்டை அளவு. ஒரு கல்லுக்கு என்னத்தைக் கேட்பது, எடுத்துட்டுப் போங்க சார் என்றார். அவர் பார்வையில் இரக்கம். என் வீட்டில் யாரோ சரியில்லை என்று புரிந்துகொண்டிருப்பார். அது நானென்று நினைத்திருப்பார்.

மாலை தேவராஜே போன் செய்தான். மெஷின் சத்தம். பிறகு அவன்.

“கல்லு பத்திரமா?”

“தலகாணிக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன் மச்சான்.”

“நனைச்சுப் பாத்தியா? நனைச்சாத்தான்... மெய்யான கலரு தெரியும்.”

“நனைச்சேன். வெள்ளை. உள்ளே ஒரு வெளிச்சம். ராத்திரி லாட்ஜ்ல கரண்ட் போனப்ப அதை வெச்சுத்தான் செருப்பைத் தேடினேன்.”

சிரிக்க முயன்றான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. எஸ்தர் போனை வாங்கி, “அவரை சிரிக்க வெக்காதண்ணா” என்றாள். கட் ஆனது.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன்.

லே ஊரிலிருந்து அன்று மாலை அவனுக்கு போன் செய்தேன். உச்சியைத் தொட்டேன் என்றேன். கர்னலைச் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கடைசியில் ஒரே கேள்வி: “மூச்சு எப்டி கீது அங்க? வாங்குச்சா?”

நான் சொன்னது: “எல்லாரும் நாக்கைத் தொங்கப்போட்டு உக்காந்துட்டாங்க மச்சான். எனக்கு மட்டும் ஒண்ணுமே ஆகலை. உச்சியில நின்னு பாட்டே பாடினேன்.”

மெஷின் சத்தம் மட்டும். பிறகு மெதுவாக, “அப்டியா. நல்லது மச்சான். நல்லது.”

தன்னைப் போல மூச்சு வாங்குகிற இடம் உலகத்தில் எங்கோ இருக்கிறது என்று நினைத்து ஒரு மனிதன் என்னை அனுப்பினான். நான் போய்ப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை, உனக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். வாய் பழகிய பழக்கம். பெருமை வந்து முன்னால் நின்றதும் மூளை வழிவிட்டது.

எருமை போல.

செப்டம்பர் 12, வெள்ளி.

காலை ஆறரை. எஸ்தர். குரல் தாழ்ந்திருந்தது, சமையலறையிலிருந்து பேசியிருப்பாள்.

“அண்ணா, செவ்வாக்கெழமையே டாக்டர் சொல்லிட்டார், அட்மிட் பண்ணணும்னு. ஒதடு நீலமாயிடுச்சு. இவர் வரமாட்டேங்கறார். மச்சான் வரட்டும், கல்லைக் கையில வாங்கிட்டு வரேன்னு எழுதிக் காட்டறார்.”

“செவ்வாக்கெழமையேவா? ஏன்மா என்கிட்ட சொல்லல?”

“நீ ரோட்ல இருக்க. பதட்டத்துல வேகமா ஓட்டுவ. அதான் அவசரம் இல்லன்னேன்.” மூக்கை உறிஞ்சினாள். “எங்க இருக்க இப்ப?”

“சிங்கப்பெருமாள் கோவில்ல.”

“எப்ப வந்த?”

செவ்வாய்க்கிழமை என்று சொல்ல வாய் வரவில்லை. “இதோ வரேன்” என்றேன்.

அவள் என்னைக் காப்பாற்ற ஒரு பொய். நான் என்னைக் காப்பாற்ற ஒரு பொய். நடுவில் மூன்று நாள் அவன் மூச்சு.

சாதிக் பாய் வீடு ஒர்க் ஷாப்புக்குப் பின்னால். ஓடினேன். ஷட்டரைத் தூக்கினார். என் வண்டி, பட்டத்து யானை, வயிறு திறந்து கிடந்தது. எஞ்சினின் தலைப்பாகம் ஒரு தட்டில், நட்டும் போல்ட்டும் வேறொரு தட்டில், கார்புரேட்டர் பழைய செய்தித்தாளில்.

“இன்னா பாய் இது?”

“நீதான சார் மூணு நாள் வேலை குடுன்னே? நேத்து சாயங்காலம் எறக்குனேன். எறக்குனதும் நல்லதாப் போச்சு, வால்வு வேலை நெஜமாவே கீது.”

நான் அந்தத் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டேன். என்ன பேசினேன் என்று தெரியாது. எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன் போல, பதினொரு கி.மீ. உட்பட. அவர் கேட்டுவிட்டு சட்டையை மாட்டினார். தன் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

“ஏறு சார். தொழுகைக்குள்ள வந்துரலாம்.”

வரவேற்பை நான் மனதில் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். இரும்புலியூர் மேம்பாலத்தடியில் மாலை, பட்டாசு வேண்டாம், பேண்டு ஒன்று போதும். நடந்தது: ஸ்கூட்டரின் பின்சீட்டில், மடியில் ஹெல்மெட், சட்டைப் பையில் மீன் தொட்டிக் கல். மறைமலைநகர். பொத்தேரி. கூடுவாஞ்சேரி. ஊரப்பாக்கம். ஆறாயிரத்து எண்ணூறு கி.மீ.யில் இந்த இருபதுதான் நீளம். வண்டலூரில் உயிரியல் பூங்கா முன்னால் சுற்றுலா பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. இருபது நிமிடம் நகரவில்லை. இறங்கி ஓடலாமா என்றேன்.

“உக்காரு சார். ஓடிப் போய் நீ மூச்சு வாங்குனா அவரு பாப்பாரா?”

பெருங்களத்தூர். இரும்புலியூர். எட்டே முக்கால்.

வாசலில் எஸ்தர், பை தயாராக. உள்ளே தேவராஜ் மூன்று தலையணைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதியாகிவிட்டான். எஸ்தர் அவனுக்கு முகச்சவரம் செய்துவிட்டிருந்தாள், எனக்காக இருக்கும்.

“வண்டி சத்தம்... கேக்கலயே.”

“சிங்கப்பெருமாள் கோவில்ல நிக்குது. எஞ்சினை இறக்கியிருக்கு.”

“இமயமலைக்குப் போய்ட்டு... சிங்கபெருமா கோயில்ல... படுத்துச்சா.” கண்ணில் பழைய குறும்பு. கையை நீட்டினான்.

கல்லை வைத்தேன்.

விரலால் ஒரு சுற்று உருட்டினான். நகத்தால் தட்டினான். உதட்டுக்கு எடுத்துப்போய் நாக்கு நுனியால் நனைத்து வெளிச்சத்தில் பிடித்தான். இருபத்தெட்டு வருடம் தினமும் செய்த வேலை, கைக்கு மறக்கவில்லை. கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடி கல்லை.

“இது ஆறு உருட்டுன கல்லு இல்ல மச்சான்.” நிறுத்தம். “மலைலேர்ந்து பேந்ததும் இல்ல. டிரம்ல போட்டு... உருட்டுனது. மெஷின் கல்லு.”

நான் தரையைப் பார்த்தேன். மொசைக். அதுவும் அவன் உடைத்ததுதான்.

“எங்க வாங்குன?”

“கூடுவாஞ்சேரி. மீன் தொட்டிக் கடை.”

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. வாசலில் நின்ற சாதிக் பாய் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

“உச்சி?”

“போகல மச்சான். பதினொரு கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பிட்டேன்.”

“ஏன்?”

“மூச்சு வரல.”

அவன் கல்லைப் படுக்கையில் வைத்தான். குழாயைச் சரிசெய்துகொண்டான். முன்னால் சாய்ந்தான். கோபம் என்று நினைத்தேன்.

“பாட்டு பாடனேன்னியே.”

“பொய்.”

“சொல்லு. எப்டி கீது? என்னாண்ட வேணாம். எனக்குத் தெரியும்.” எஸ்தர் பக்கம் விரலை நீட்டினான். “இவளாண்ட சொல்லு. ரெண்டு வருசமா கேக்கறா... இன்னா பண்ணுது இன்னா பண்ணுதுன்னு. அத்த சொல்ல... எனக்கு மூச்சு இல்ல. உனக்குத்தான்... வாய் கீதே.”

வாழ்க்கையில் முதல்முறை, பெரிதாக்க ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்தேன். சட்டைப் பட்டன்களைக் கழற்றினேன், அந்தக் குளிரில். பனியனையும் இழுத்தேன். காற்று உள்ளே வருகிறது, ஆனால் பாதி வழியில் யாரோ கதவைச் சாத்திவிடுகிறார்கள். அடுத்ததை இழுப்பதற்குள் முந்தையது தீர்ந்துபோகிறது. மூன்றுவரை எண்ண முடியவில்லை. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து நல்லவிதமாக ஏதோ கேட்டார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. பதில் சொன்னால் அந்த ஒரு மூச்சும் போய்விடும். அதனால் கையை ஆட்டினேன். முறைத்தேன். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் கொடுக்கத்தான் வந்தார். அவர்தான் என் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

எஸ்தர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“கைய ஆட்டுனியா?” என்னைக் கேட்டாள், அவனைப் பார்த்துக்கொண்டு.

“ஆமாம்மா.”

“மொறைச்சியா?”

“ஆமாம்.”

அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தான். சரியாகச் சொன்னாய் என்பது போல. விடைத்தாளில் நான் முப்பத்தொரு வருடம் போட்ட ‘சரி’யை எனக்கு ஒருவன் போட்டது இதுதான் முதல்தடவை.

“இப்ப போலாம்” என்றான். அவனே.

ஆம்புலன்ஸ் ஒன்பது இருபதுக்கு. கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மெஷின் கல்லை எதற்கு என்றேன். கையை ஆட்டினான்.

சாதிக் பாய்க்கு எஸ்தர் டீ போட மறந்துவிட்டாள். வண்டி அடுத்த வாரம் ரெடி, நெஜமாவே அடுத்த வாரம் சார், என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 13, சனி. ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி வராண்டா.

மழை. குடை வீட்டில். எஸ்தருக்கு இட்லி நான்கு வாங்கினேன், இரண்டு சாப்பிட்டாள். சார்ஜர், துண்டு, அவன் கண்ணாடி – மதியம் கொண்டுவரவேண்டும்.

டாக்டர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்திருக்கலாம் என்றார். எஸ்தரைப் பார்த்துத்தான் சொன்னார். அவளுக்குப் பின்னால் நின்ற நான் வாங்கிக்கொண்டேன். அந்த மூன்று நாளை நான் எங்கே திருப்பிக் கொடுப்பது. தெரியவில்லை.

பத்து மணிக்கு என்னை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். முகம் முழுக்க மாஸ்க். தலையணைக்குப் பக்கத்தில் அந்தக் கல், நர்ஸ் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லையாம். என்னைப் பார்த்ததும் மாஸ்கை விரலால் கொஞ்சம் தூக்கினான்.

“கர்னலு?”

“பொய் மச்சான்.”

மாஸ்க் இறங்கியது. இரண்டு மூன்று இழுப்பு. மறுபடி தூக்கினான்.

“தொப்பி?”

“பொய்.”

இழுப்பு. இந்த முறை ரொம்ப நேரம்.

“கொட்டாவி?”

“அதெப்படி மச்சான் உடையும்.”

நர்ஸ் வந்து, பேசக்கூடாது சார், அவரைப் பேச வைக்காதீங்க என்றார். நான் எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தான். விரல் ஐஸ். மாஸ்கைத் தூக்கவில்லை, உள்ளிருந்தே உதடு அசைந்தது. மாஸ்கில் ஆவி படிந்து மறைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“எருமை?”

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். இவ்வளவுக்கும் பிறகு இதைச் சொன்னால் அடிப்பான். இருந்தாலும் சொன்னேன்.

நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், திருந்தவே மாட்டாய் என்று. மாஸ்க் இரண்டுமுறை குலுங்கியது.

ஆனால் எருமை நிஜம். பதினேழு. எண்ணினேன்.